தூங்குவதற்காகக் கடலுக்குப் போனோம்

தூக்கம் வராதவர்கள் கடலோரம் போய்ப் படுத்தால் குழந்தை மாதிரித் தூங்கலாம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், பிள்ளைகளே, அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பேச்சை வளர்க்காதீர்கள். வளர்த்தால் உங்களைப் பஸ் ஏற்றிவிடுவார். என்னை அப்படித்தான் ஏற்றினார்கள்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். உங்கள் பள்ளிக்கூடத்துப் பத்திரிகைக்குக் கடல் பார்த்த பெற்றோர் யாராவது ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று டீச்சர் கேட்டபோது, என் மகள் முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்லிவிட்டாள். நம் தோட்டத்தில் கடல் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அங்கே தூங்கப் போனவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும். கருத்தைத் திருத்த வேண்டாம்.

என் மனைவி தனலெட்சுமியும் நானும் ஓப்பநாயக்கவுக்குக் கீழே இந்த இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறோம். வெளியூர்ப் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே போய், மரத்துப் பட்டையை மெல்லியதாகச் சீவி, வடிகிற பாலைச் சிரட்டையில் பிடிப்பதுதான் பால் வெட்டு. மழையில் மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் சிரட்டைக்கு வராமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே விடிகாலையில் கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் அன்று பெரட்டு இல்லை. பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் இடம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் போர்வையை இழுத்து மூடித் தூங்குகிற சுகம் எந்தத் தொரைக்கும் தெரியாது. இருபது வருடமாக நான் அப்படித்தான் தூங்குகிறேன்.

தனமும் அப்படித்தான் தூங்கினாள், போன ஐப்பசி வரை.

ஐப்பசி மழையில் எங்கள் மேல் லயத்துக்கு, அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை கொஞ்சம் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. கடைசி வீட்டுக் குசினியும் ஓர் ஆட்டுக் கொட்டிலும் மண்ணுக்குள் போயின. அன்றோடு தனத்தின் தூக்கமும் போனது. மழை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். விழாவிட்டால், எப்போது விழும் என்று உட்கார்ந்திருப்பாள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மகளின் பள்ளிக்கூடக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பொலித்தீனால் சுற்றித் தலைமாட்டில் வைத்திருப்பாள்.

தூக்கம் இல்லாத உடம்பு வேலையில் காட்டிக்கொடுத்துவிடும். தனம் மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுகிறவள். கங்காணி புது ஆட்களைக் கூட்டிவந்து அவள் வெட்டைக் காட்டுவார். அந்தக் கை தை மாதத்தில் ஒரே காலையில் மூன்று மரங்களைக் கட்டை தெரியக் கீறியது. அடுத்த வாரம் சரிவில் கால் தடுக்கி விழுந்தாள். பால் கத்தி முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏழு தையல். கத்தி வேறு எங்காவது இறங்கியிருந்தால் நான் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள்.

“இதப் போட்டுட்டுத் தூங்கிட்டா, மழை வந்தா எப்படிங்க எந்திரிப்பேன்?” என்று கேட்டு, அதைக் கூரை இடுக்கில் செருகிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மண்ணைப் பார்க்க வந்த அதிகாரிகள் எங்கள் லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். இங்கே இருக்க வேண்டாம், கீழே ரோட்டோரம் சமதரையில் ஆளுக்கு ஒரு துண்டுக் காணி தருகிறோம், வீடு கட்டக் கொஞ்சம் உதவியும் உண்டு என்றார்கள். நான்கு குடும்பங்கள் போய்விட்டன. நான் போகவில்லை. அங்கிருந்து பெரட்டுக்கு இரண்டு மைல் மேலே ஏற வேண்டும். “எங்கப்பா காலத்துல விழாத மலை எனக்கா விழப் போகுது?” என்று கிராம சேவகரிடம் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன். அவர் எழுதிக்கொண்டு போனார். தனம் பையின் பொலித்தீனை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

அதற்குப் பிறகு வைத்தியர்கள் கிளம்பினார்கள். தோட்டத்தில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மற்ற எல்லோரும் வைத்தியர்தான். கடைக்கார நானா பாலில் கசகசா கலக்கச் சொன்னார். பூசாரி கறுப்புக் கயிறு கட்டினார். கயிறு கட்டிய கையோடு பூசாரி மட்டும் எங்கள் வீட்டு வாசலிலேயே சாய்ந்து நன்றாகத் தூங்கினார். கடைசியில் வந்தது தனத்தின் தம்பி செல்வத்தின் போன். அவன் அம்பாந்தோட்டைப் பக்கம் ஒரு கடலோர ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிறான்.

“அக்காவ இங்க கூட்டிக்கிட்டு வாங்க மச்சான். வெள்ளக்காரனே தூங்குறதுக்குன்னு பிளேன் ஏறி இங்க வாறான்.”

“ஏன், அவன் ஊர்ல கட்டில் இல்லையா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அலைச் சத்தத்துல அப்படியே கண்ணு சொக்கும். மூணு நாளு. அக்கா பழைய அக்காவா வரும்.”

மாசியில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறைவு. அந்த நாட்களில் லீவு கேட்டால் தொரை முகம் சுளிக்க மாட்டார். மகளை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

முதல் நாள் முழுவதும் பஸ். அந்தப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஒரு டி.வி. இருந்தது. அதில் ஆடுகிறவர்கள் பாட்டுக்கு ஆடினார்கள், நாங்கள் ரோட்டுக்கு ஆடினோம். தனம் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்து, “தங்கச்சி, இத்தனை பேர் நிற்கிறார்கள், பையைக் கொடுங்கள்” என்று சிங்களத்தில் சொல்லி வாங்கிப் பின்னால் டிக்கியில் போட்டார்.

எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்துக்குச் சற்று முன்னால் ஒரு நிறுத்தத்தில் ஒருவர் தயிர்ச் சட்டிகளோடு இறங்கினார். சட்டிகளோடு எங்கள் பையும் இறங்கிவிட்டது. பஸ் புறப்பட்டபோது பின் கண்ணாடி வழியாகத் தனம் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார். முன்னால் நின்ற மூன்று பேர் டி.வி.யைக் கட்டிப்பிடித்தார்கள்.

வெயிலில் ஓடிப் போய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டருக்குக் கோபம்.

“என்ன அண்ணே, உள்ளே தங்கமா இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லை. நாங்கள் பிறந்தோம் என்பதற்கு அத்தாட்சி” என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தனம் சிரிக்கவில்லை.

எம்பிலிப்பிட்டியத் தயிரைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகை ஊற்றி ஆளுக்கொரு கிண்ணம் சாப்பிட்டோம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். ஆனால் அதே கடையில் கொடுத்த தேத்தண்ணி இருக்கிறதே! பக்கத்து மலையெல்லாம் தேயிலை பறித்துக் கொட்டுகிறார்கள், இங்கே கொதிதண்ணீரில் சாயம் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

அங்கிருந்து ரோடு நேராக ஓடியது. இரண்டு பக்கமும் வயல், வாழை, பிறகு பற்றைக்காடு. தனத்தின் தலை மெல்ல ஆடி என் தோளில் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குளத்தில் நூற்றுக்கணக்கில் கொக்கு. “ஏய் தனம், கொக்கப் பாரு, கொக்கப் பாரு” என்று தட்டி எழுப்பினேன். எழுந்து பார்த்தாள். “நல்லாருக்குங்க” என்றாள். நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பது உங்களுக்குப் பிறகு புரியும்.

சாயங்காலம் கடலைப் பார்த்தோம். நீங்கள் படங்களில் பார்ப்பதுதான். பெரிய தண்ணீர். குடிக்க முடியாது, பாத்திரம் கழுவ முடியாது, குளித்தால் மறுபடி குளிக்க வேண்டும். நம் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் ஒரு விரல் அளவுதான் விழுகிறது, ஆனால் ஒரு லயத்தையே காப்பாற்றுகிறது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்குப் பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் குடம் வைத்திருக்கிறார்கள்.

செல்வத்தின் வாடகை அறை கடலிலிருந்து ஐம்பது அடி தூரம். அதைச் சொல்லும்போது அவனுக்கு என்ன பெருமை! ஏதோ அவனே கடலை இழுத்து வந்து கட்டி வைத்த மாதிரி.

“மச்சான், இந்தச் சத்தத்தக் கேளுங்க. காசு குடுத்தாலும் கெடைக்குமா?”

“சோத்துல மண்ணு கடிக்குதே செல்வா, அதுவும் காசு குடுக்காமலா?”

“அது மண்ணு இல்ல, கடக்கர மணலு.”

மீனைப் புளிக்கக் கறுப்பாகச் சமைத்திருந்தான். காலையில் மீன், பகலில் மீன், இரவில் மீன். நான்காம் வேளைக்கு நெத்தலிக் கருவாட்டை எடுத்து வந்து, “மாறுதலுக்கு” என்றான். நல்ல பையன்தான், பிள்ளைகளே. ஆனால் ஒரு பூசணித் துண்டைப் பார்த்தால் போதும் என்று எனக்கு மனம் ஏங்கிப் போனது.

இரண்டாம் நாள் நான் கண் விழித்தபோது மணி எட்டரை. என் வாழ்க்கையில் எட்டரைக்கு எழுந்தது அதுதான் முதல் தடவை. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். விடிகாலையில் ஒரு தடவை விழிப்பு வந்தது. காதில் ஓயாத இரைச்சல். ‘நல்ல மழை, இன்றைக்குப் பெரட்டு இல்லை’ என்று புரண்டு படுத்துவிட்டேன். கடலை மழை என்று நினைத்து, இல்லாத லீவில் ஒருவன் தூங்கியிருக்கிறான்! தூக்கம் தேடி வந்தது தனம். தூங்கியது நான்.

தனம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் பை. பக்கத்தில் செல்வத்தின் துணிமணிகள்கூட மடித்துக் கட்டி வைத்திருந்தாள். செல்வம் கோவைப்பழம் மாதிரிக் கண்ணோடு முற்றத்தில் நின்றான்.

“அக்கா என்னயத் தூங்கவே விடல மச்சான். நாலு தரம் எழுப்பி வெளிய நிக்க வச்சிருச்சு.”

“ஏன் தனம்?”

“மழை விடவே இல்லீங்க.”

“அது மழை இல்ல அக்கா, கடலு!” என்று செல்வம் கத்தினான்.

“புத்திக்குத் தெரியுதுடா. காதுக்குத் தெரியலயே” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே சத்தம். எனக்கு லீவு மழை, அவளுக்கு மலை இறக்குகிற மழை. சிரித்தேன். சிரித்ததை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சிரித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

அன்று பகல் செல்வம் தன் ஹோட்டலைக் காட்டக் கூட்டிப் போனான். முன் வாசல் எங்களுக்கு இல்லை. குசினிப் பக்கமாகப் போய் ஒரு தாழை மறைவில் நின்று பார்த்தோம். இரண்டு தென்னைக்கு நடுவில் வலை கட்டி, அதில் வெள்ளைக்காரர்கள் பிடிபட்ட மீன் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகையில் கடலோரத் தூக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். செல்வம் வாசித்துச் சொன்னான். தூங்குவதற்கு இங்கே வகுப்பு நடக்கிறது, பிள்ளைகளே. டீச்சர் இருக்கிறார். நீங்கள் வகுப்பில் தூங்கினால் உங்கள் டீச்சர் காதைப் பிடிக்கிறார். இங்கே தூங்காவிட்டால்தான் டீச்சருக்குக் கவலை.

வலையில் படுத்திருந்த ஓர் அம்மாவின் கண்ணில் கறுப்புத் துணி. இரண்டு காதிலும் ஏதோ அடைத்திருந்தது.

“அது என்ன செல்வா, காதுல?”

“அடைப்பு மச்சான். அந்த அம்மாவுக்கு அலைச் சத்தம் கூடுதலாம். பூந்தோட்டத்துப் பக்கம் ரூம் மாத்தித் தரச் சொல்லி நேத்து மனேஜர்கிட்ட சண்ட.”

“ஏழு கடல் தாண்டி வந்து, கடல் சத்தம் கேக்காம காத அடைச்சுக்கிட்டா தூங்குது?”

“மெதுவாப் பேசுங்க மச்சான், வேல போயிரும்.”

மத்தியானம் விருந்தாளிகள் சாப்பிடப் போன நேரம், செல்வம் எங்களை ஒரு வலையில் படுத்துப் பார்க்கச் சொன்னான். தனம் மாட்டேன் என்றாள். நான் ஏறினேன். ஏறின வேகத்தில் வலை புரண்டு, மறுபக்கம் மணலில் விழுந்தேன். மூக்கில் மணல், வாயில் மணல். தனம் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். கடலால் எங்களுக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான். கட்டிலுக்கு நான்கு கால் கண்டுபிடித்த பிறகும் மனிதன் ஏன் கயிற்றில் தொங்குகிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று இரவுக்கு நான் ஒரு யோசனை செய்தேன். அந்த அம்மாவைப் போலத் தனத்தின் காதிலும் பஞ்சு வைத்தேன். அரை மணி நேரத்தில் பிடுங்கி எறிந்தாள். “பஞ்சு வச்சா நெசமா மழை வந்தாலும் கேக்காதேங்க” என்றாள். காலையில் பார்த்தால் அதே படி, அதே செருப்பு, அதே பை. கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்தியது. அந்தக் கையோடு அவள் மறுபடி மலையில் கத்தி பிடிக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாம் நாள் செல்வத்துக்கு வேலை. நாங்கள் இருவரும் கரையோரம் நடந்தோம். ஓரிடத்தில் சோமா என்ற அக்கா மணலில் பாய் விரித்துக் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சிங்களத்தில்தான் பேசினோம். நான் தமிழில் எழுதுகிறேன்.

“எந்த ஊர் அண்ணே?”

“ஓப்பநாயக்கப் பக்கம். இவளுக்குத் தூக்கம் இல்லை. கடலோரம் வந்தால் தூங்கலாம் என்றார்கள்.”

சோமா அக்கா கையில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்தில் நின்ற நாய் எழுந்து போய்விட்டது.

“கடலுக்குத் தூங்கவா வந்தீர்கள்? கடலுக்கு மீனுக்கு வருவார்கள். படம் பிடிக்க வருவார்கள். தூங்க வருவது ஹோட்டலுக்கு வருகிறவர்கள் மட்டும்தான். இந்தக் கரையில் பிறந்தவள் நான். சுனாமி வந்து போனதிலிருந்து ஒரு ராத்திரி இங்கே படுத்ததில்லை.”

“பிறகு எங்கே படுக்கிறீர்கள்?”

“உள்ளே. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் காணி கொடுத்தார்கள். காலையில் வருவேன், பொழுது சாயும் முன் போய்விடுவேன்.”

“எவ்வளவு தூரம்?”

“இரண்டு மைல்.”

இரண்டு மைல் என்றதும் எனக்கு எங்கள் ரோட்டோரக் காணி ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “தினமும் போக வர நடப்பது கஷ்டம்தானே?” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கால் எதற்கு இருக்கிறது அண்ணே? சுனாமிக்கு முன்னாலேயே உள்ளே போவோம் என்றேன், என் புருஷனும் இப்படித்தான் சொன்னார். அப்பா படுத்த இடம், தாத்தா படுத்த இடம் என்றார். அலை வந்த அன்றும் அவர் இங்கேதான் படுத்திருந்தார்.” மீனைப் புரட்டிப் போட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். தனம் என்னைப் பார்த்தாள்.

சோமா அக்காவுக்குத் தனத்தின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, வெயில் ஏறியதும் கருவாட்டை மூடிவிட்டு, “வீட்டுக்கு வாருங்கள், பலாக்காய்க் கறி இருக்கிறது” என்றார். மீன் இல்லாத சாப்பாடு என்றதும் நான்தான் முதலில் நடந்தேன்.

உப்பளத்தைத் தாண்டினோம். எல்லாப் பக்கமும் தட்டையான பூமி. பலகையில் மாவு தேய்த்த மாதிரி. வானம் நான்கு பக்கமும் தரையைத் தொடுகிறது. தனம் நடு ரோட்டில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மறுபடியும் சுற்றினாள்.

“அக்கே, இங்கே மலை எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“மலையா? மலை வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். இங்கே ஒரு புற்றுமேடுகூட இல்லை” என்று சோமா அக்கா சிரித்தார்.

சின்ன வீடு. சிமெண்ட் தரை. எங்களை உட்காரச் சொல்லிவிட்டுச் சோமா அக்கா சோறு வைக்கப் போனார். தனம் சுவரில் சாய்ந்தாள். பை மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பை சரிந்து தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. பிறகு அவளே சரிந்தாள். ஒரு கோழி வந்து அவள் காலடியில் கொத்தியது. அசையவில்லை.

சோமா அக்கா சோற்றுத் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தார். நான் ஒருவன் மட்டும் ஓசை இல்லாமல் சாப்பிட்டேன். அப்பளம் இருந்தது. கடிக்கவில்லை. நனைத்துச் சாப்பிட்டேன்.

பகல் ஒரு மணிக்குத் தூங்கியவள் ஆறு மணிக்கு எழுந்தாள். ஐந்து மணி நேரமும் நான் கோழி விரட்டினேன். அந்த வீட்டில் கடல் சத்தம் இல்லை, கடல் காற்று இல்லை, கடலோரத் தூக்கத்துக்கு டீச்சரும் இல்லை. தலைக்கு மேல் மலை இல்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க நான் மூன்று நாள் மீன் தின்றிருக்கிறேன். பஸ்ஸில் எம்பிலிப்பிட்டியவைத் தாண்டியதும் தானாக வந்த தூக்கத்தைக் கொக்குக் காட்டிக் கலைத்திருக்கிறேன். வைத்தியர்கள் எல்லோரையும் கேலி செய்தவன், நோயை வீட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

திரும்பி நடக்கும்போது தனம்தான் பேச்சை எடுத்தாள்.

“எனக்குக் கடல் வேணாங்க.”

“சரி.”

“மாத்தரையும் வேணாம், கயிறும் வேணாம். கீழ அந்தத் துண்டுக் காணி போதும். நீங்க ரெண்டு மைலு ஏற மாட்டீங்கன்னா சொல்லுங்க. நான் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க ஒங்கப்பா காலத்து மலயிலயே இருங்க.”

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் அந்த இரண்டு மைல் ஏற்றம்தான் முதலில் மனதுக்கு வந்தது. வழுக்குகிற பாதை, அட்டைக்கடி, நான்கு மணிக்கு எழும்ப வேண்டிய குளிர். மனிதன் அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற பிராணி இல்லை, பிள்ளைகளே.

அன்று ராத்திரி செல்வத்தின் அறையில் தனம் படுக்கவே இல்லை. “பகலைக்குத் தூங்கியாச்சு” என்று உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை பஸ் ஏறினோம்.

நல்ல பஸ். டி.வி. உடைந்திருந்தது. பையை நான் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். உப்பளம் தெரியும்போதே தனம் தூங்கிவிட்டாள். கொக்கு இருந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா வந்தேன். எம்பிலிப்பிட்டியவில் அடுத்த பஸ்ஸில் மாறி உட்கார்ந்ததும் மறுபடி தூங்கினாள். பக்கத்தில் ஒருவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார். டயர் வெடித்து எல்லோரையும் இறக்கினார்கள். அரை மணி நேரம் மாமர நிழலில் தூங்கினாள். டயர் மாற்றியதும் ஏறித் தூங்கினாள்.

பெல்மடுல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு வளையத் தொடங்கியது. இடது பக்கம் ஒரு மலை எழுந்தது. பெரிய மலைகூட இல்லை. வாழையும் இறப்பரும் நிறைந்த சின்ன மலை. யாரும் தனத்தைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. கண் மூடியபடியே அவள் முதுகு நிமிர்ந்தது. பிறகு கண் திறந்தது. ஜன்னல் வழியாக அந்தச் சரிவை உச்சியிலிருந்து அடி வரை ஒரு தரம் பார்த்தாள். கையை நீட்டி என் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இப்படித்தான் இத்தனை மாதம் இருந்திருக்கிறாள். நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

“எறங்குனதும் வீட்டுக்குப் போக வேணாம். மொதல்ல கிராம சேவகர்கிட்ட போவோம்” என்றேன்.

“எதுக்கு?”

“காணிக்கு.”

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு மைலு?”

“கால் எதுக்கு இருக்கு?” என்றேன். சோமா அக்காவின் வார்த்தையைக் கூசாமல் என் வார்த்தையாகச் சொல்லிவிட்டேன்.

கிராம சேவகர் சிரித்தபடி, “என்ன அண்ணே, மலை விழாதே?” என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. நல்ல காணியெல்லாம் முன்னால் போனவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ரோட்டு முனையில் நீங்கள் கிரிக்கெட் விளையாடுகிற திடலை ஒட்டிய துண்டு. மூலை கோணல்தான். வாங்கிக்கொண்டேன்.

இப்போது சுவர் ஜன்னல் உயரம் வந்திருக்கிறது. கூரை இல்லை, கதவு இல்லை. ராத்திரிக்கு இன்னும் மேல் லயம்தான். அங்கே அவள் இன்னும் தூங்குவதில்லை. நானும் இப்போது முழித்திருக்கிறேன், ஆளுக்குப் பாதி நேரம். ஆனால் பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தனம் நேராகக் கீழே இறங்கிவிடுகிறாள். சுவர் நிழலில் இரண்டு சாக்கை விரித்து இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குகிறாள். மரத்தில் காயம் படுவது நின்றுவிட்டது. கங்காணி மறுபடி ஆள் கூட்டி வந்து காட்டுகிறார்.

ஆகவே பிள்ளைகளே, கடலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. நான் எழுத வந்ததே வேறு ஒன்றைக் கேட்கத்தான். தனம் தூங்கும் அந்த நேரம்தான் பள்ளிக்கூடம் விட்டு நீங்கள் திடலில் விளையாடும் நேரமும். விளையாடுங்கள். ஆனால் அவுட்டுக்குக் கத்தாமல் விரலைத் தூக்குங்கள். பந்து எங்கள் சுவருக்குள் விழுந்தால் ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து எடுத்துப் போங்கள். சாக்கை மிதித்துவிடாதீர்கள். அதில் ஆள் தூங்குகிறது.